பொதுவாகப் போட்ட அழைப்பு

"யார் வேண்டுமானாலும் பங்களிக்கலாம், அனைவரையும் வரவேற்கிறோம்" என்று அந்த மென்பொருளின் முகப்பில் எழுதியிருந்தது. வருவாய்த் துறையில் ஆயுளைக் கழித்தவன் என்ற முறையில் அந்த வாக்கியத்தின் பொருள் எனக்குத் தெரியும். "ஆட்சேபணை உள்ளவர்கள் தெரிவிக்கலாம்" என்று கிராமச் சாவடியில் ஒட்டுவோமே, அதன் உடன்பிறப்பு. ஒட்டியாயிற்று என்று கோப்பில் எழுதிக்கொள்ளலாம், யாரும் வரமாட்டார்கள்.

மென்பொருள் ஒன்றும் பெரிய விஷயமில்லை. எங்கள் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்த் தெருக்களில் குழாய்த் தண்ணீர் முறை வைத்து வரும். மோட்டார் பழுது, மின்தடை என்று முறை தள்ளிப்போனால் எந்தத் தெருவுக்கு என்றைக்கு என்பது குழம்பிவிடும். தண்ணீர் வந்ததும் தெருவில் ஒருவர் செல்பேசியில் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். அடுத்து என்றைக்கு வரும் என்று கணக்கிட்டு மற்றவர்களுக்கு அது சொல்லிவிடும். எழுதியவர் ராஜபாளையத்தில் வீட்டிலிருந்தே ஒரு சென்னைக் கம்பெனிக்கு வேலை பார்த்த பெண். பிள்ளையைத் தொட்டிலில் ஆட்டிக்கொண்டே எழுதியது. நிரலைப் பூட்டி வைக்காமல், யாரும் பார்க்கலாம், திருத்தலாம் என்று பொதுவில் வைத்திருந்தார். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து நான் அதன் உதவிப் பக்கங்களைத் தமிழில் எழுதிக்கொடுத்தேன். ஓய்வுபெற்றவன், தண்ணீருக்குக் காத்திருப்பதே என் முழுநேரப் பணி.

அவருடைய கணவர் ராணுவத்தில் இருந்தார். குடும்பத்தோடு தங்க வடக்கே குவார்ட்டர்ஸ் கிடைத்துவிட்டது. தை பிறந்ததும் கிளம்ப வேண்டும். அங்கே போனால் புது வேலை வேறு.

"பாத்துக்க ஆள் கெடைக்கலன்னா மூடிட்டுத்தான் சார் போகணும். தப்பான நாளைக் காட்டிக்கிட்டுக் கெடக்கறதுக்கு அது இல்லாமலே போகலாம்" என்றார். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

முதலில் இணையத்தில் ஆள் தேவை என்று அறிவிப்புப் போட்டார். கும்பிடும் கைகள் வந்தன, பூங்கொத்துகள் வந்தன, "பெருமையா இருக்கு அக்கா" வந்தது. ஒரு வரி நிரல் வரவில்லை.

அடுத்து ஒரு கல்லூரியில் கூட்டம். குத்துவிளக்கு, வரவேற்புரை, சிறப்பு விருந்தினர் அறிமுகம், அறிமுகம் செய்தவருக்கு ஒரு பொன்னாடை. எனக்கும் ஒன்று போர்த்தினார்கள். வியர்வை துடைக்க உதவியது. அவர் நிரலைத் திரையில் காட்டத் தொடங்கும்போது கல்லூரிப் பேருந்து கிளம்பும் நேரமாகிவிட்டது. எழுந்த ஒரே கேள்வி, "சர்டிஃபிகேட் உண்டா மேடம்?" உண்டு, ஒரு திருத்தம் அனுப்பினால் போதும் என்று துறைத் தலைவர் முந்திக்கொண்டு சொன்னார். அந்த வாரம் திருத்தங்கள் வெள்ளமாக வந்தன. எல்லாம் நான் எழுதிய உதவிப் பக்கத்துக்கு. ஒருவர் "தண்ணீர்" என்பதை "நீர்" ஆக்கியிருந்தார். அடுத்தவர் அதை மறுபடி "தண்ணீர்" ஆக்கியிருந்தார். மற்றவர்கள் தங்கள் பெயரையும் பதிவெண்ணையும் நடுவில் செருகியிருந்தார்கள். எல்லாவற்றையும் படித்து மறுப்பதிலேயே அந்தப் பெண்ணின் ஞாயிற்றுக்கிழமை போயிற்று. குழாயில் தண்ணீர் அப்படி வந்திருந்தால் மென்பொருளே தேவைப்பட்டிருக்காது.

கார்த்திகை முடியும் சமயம் ராஜபாளையத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் பக்கத்து இலைக்காரர், பெங்களூர்க் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்து நிரல் எழுதுகிறவர்.

"அண்ணாச்சி, அந்தத் தண்ணி ஆப்பு இருக்குல்லா, ஒரே பேர்ல ரெண்டு தெரு இருந்தா அதுக்குக் கொழம்பிருது. நான் ஒரு காப்பி எடுத்து அதைச் சரி பண்ணி வச்சிருக்கேன்" என்றார்.

அப்பளத்தைக் கீழே வைத்தேன். "பொறவு ஏன் அனுப்பல?"

"என்னைய யாரு கூப்பிட்டா?"

"யார் வேணும்னாலும் வரலாம்னு எழுதியிருக்கே."

"அது ஊருக்குப் பொதுவாப் போட்டது. இந்தக் கல்யாணப் பத்திரிகை வெறும் வாட்சப்புல வந்திருந்தா நீங்க வந்திருப்பீகளா?"

வந்திருக்க மாட்டேன்தான். வீட்டுக்கு வந்து, தட்டில் வெற்றிலை பாக்கோடு பத்திரிகை வைத்து, அடுப்படி வரை போய் என் மனைவியிடமும் தனியாகச் சொன்னதால்தான் வந்திருந்தேன்.

"அந்தம்மா எங்க வீட்டுக்கு ரெண்டு தெரு தள்ளித்தான் இருக்காவ. ஒரு வார்த்தை சொல்லல. நானாப் போயி நின்னா, அவியளுக்குத் தெரியாததைச் சொல்லிக் குடுக்க வந்த மாதிரி ஆயிராதா? பாயாசம் வருது, வாங்கிக்கோங்க."

மறுநாள் அந்தப் பெண்ணிடம் சொன்னேன்.

"சார், இது ஓப்பன் சோர்ஸ். காதுகுத்தா?" என்று சிரித்தார். ஆனால் யார் யார் பிரதி எடுத்திருக்கிறார்கள் என்று தேடிப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது. இந்தப் பக்கத்துக்காரர்களே சிலர் ஆளுக்கொரு பிரதியை எடுத்து, அதில் கோளாறுகளைச் சரிசெய்துவிட்டுக் கம்மென்று இருந்தார்கள். வத்திராயிருப்பில் ஒரு பெண் தன் ஊர்த் தெருக்களையே சேர்த்துத் தனியாக நடத்திக்கொண்டிருந்தார். நாங்கள் ஆள் தேடி அலைந்துகொண்டிருக்க, ஆட்கள் அழைப்பு வராத கோபத்தில் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தார்கள்.

நடைமுறை என்று வந்துவிட்டால் என்னிடம் விட்டுவிட வேண்டும். தட்டு, வெற்றிலை பாக்கு, பழம், பால்கோவா. பொதுவாக "வாங்க" என்று சொல்லக் கூடாது. ஆளுக்கு ஒரு குறிப்பிட்ட வேலை. அவர் ஏற்கெனவே செய்து வைத்திருப்பதையே பார்த்து, அவரால்தான் ஆகும் என்று கேட்க வேண்டும். இதெல்லாம் என் நிபந்தனைகள். அந்தப் பெண் பல்லைக் கடித்துக்கொண்டு தட்டைத் தூக்கினார்.

முதலில் பந்திக்காரர் வீடு. அவருடைய நாய், ஊர்ப் பெயருக்குக் குறைவில்லாமல், எங்களை வாசலிலேயே நிறுத்தி விசாரித்தது. "அந்தத் தெருப் பேர் விஷயத்தை நீங்கதான் வந்து முடிச்சுத் தரணும் அண்ணே" என்றார் அந்தப் பெண். "என்னத்துக்கு இதெல்லாம்!" என்றபடி அவர் தட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அன்று மாலையே திருத்தம் வந்தது.

வத்திராயிருப்பில்தான் சிக்கல். நிரல் என்றால் என்னவென்றே தெரியாத மாமியார் கேட்டார்: "அங்க ராஜபாளையத்துல முடிச்சுட்டுப் பொறவுதான் எங்க மருமகட்ட வாரீகளோ?"

"பஸ் அப்படித்தாம்மா வருது" என்றேன்.

மாமியார் பெயருக்குத் தனியாக ஒரு பால்கோவாப் பொட்டலம் எடுத்து வைத்த பிறகே மருமகள் பங்களிப்பாளரானார்.

இருவரும் மார்கழி முழுக்க வேலை பார்த்தார்கள். வருகிற திருத்தங்களை ஏற்கவும் மறுக்கவும் உள்ள அதிகாரத்தை அவர்களிடம் கொடுத்துவிட்டு, தையில் அந்தப் பெண் ரயில் ஏறினார். மென்பொருளை மூடவில்லை. ஆனாலும் எத்தனை நாளைக்கு என்ற கேள்வி அவர் முகத்தில் இருந்தது.

மாசியில் போன் வந்தது.

"சார், சும்மா இருக்க முடியாம ஒரு சின்னத் திருத்தம் அனுப்புனேன். வத்திராயிருப்புல திருப்பி அனுப்பிட்டாவ!"

"ஏனாம்?"

"அது ஒழுங்கா வேலை செய்யுதான்னு சோதிச்சுக் காட்டலியாம். சோதிச்சிட்டு மறுபடி அனுப்பணுமாம். என் ஆப்பு சார்! எனக்கே!"

ஆறுதல் சொல்ல நான் தொண்டையைச் செருமினேன். அதற்குள் மறுமுனையில் சிரிப்பு. "அவங்க சொல்றது சரிதான் சார். நான்தான் சோம்பேறித்தனமா விட்டுட்டேன். இனி அது நான் இல்லாம ஓடும்."

மனு திருப்பி அனுப்பப்பட்டதற்கு இவ்வளவு சந்தோஷப்பட்ட மனுதாரரை என் சர்வீஸில் நான் பார்த்ததில்லை.