நாலாவது கியரும் உளுந்துச் செடியும்

பழைய காரை வாங்கி, என்ஜினை இறக்கி, கார்புரேட்டரை நானே மாற்றி முடித்தபின் எனக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான்: நாலாவது கியரில் அது நன்றாக இழுக்கிறதா என்று பார்க்க ஒரு நேரான ரோடு. தஞ்சாவூருக்குள் அதற்கு வழியே இல்லை. ஒரத்தநாட்டுப் பக்கம் வாய்க்காலை ஒட்டிப் புதிதாகத் தார் போட்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்பினேன்.

மூன்றாவதில் கார் சீறியது. நாலாவதுக்கு மாற்றக் கையை வைத்தால், எதிரே ரோடு முழுக்க அறுத்துப் பரப்பிய உளுந்துச் செடி! போகிற வருகிற வண்டியெல்லாம் ஏறினால் காய் வெடித்து உளுந்து உதிரும், தடியால் அடிக்கிற வேலை மிச்சம். காய்ந்த செடி சைலன்சரில் சிக்கித் தீப்பிடிக்குமோ என்று பயந்து பயந்து ஊர்ந்து தாண்டினேன்.

செடியைப் புரட்டிக்கொண்டிருந்த அக்கா கையைக் காட்டி நிறுத்தினார்.

"தம்பி, வண்டி நல்ல கனம். அப்படியே ரிவர்ஸ்ல வந்து இன்னொரு தடவை ஏத்துங்க."

"அக்கா, நான் ஸ்பீடு பாக்க வந்தேன்!"

"ஸ்பீடா போனா உளுந்து தெறிச்சு வாய்க்கால்ல விழுந்துரும். மெதுவாவே வாங்க."

தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அன்று நான் முழுசாகச் சோதித்துப் பார்த்தது ரிவர்ஸ் கியரை மட்டும்தான். அதில் ஒரு குறையும் இல்லை.