இடக்கை முடிச்சு

பழைய ஆம்ப்ளிஃபயர் வாங்க வருகிறவன் இருக்கிறானே, அப்படி ஒரு ஜென்மத்தைத் தேவானை மயிலாப்பூர்க் குளத்தோரம் இருபது வருஷம் பூக்கட்டி விற்றும் பார்த்ததில்லை. பூ வாங்குகிறவள் முழத்துக்கு நாலு விரல் கூடக் கேட்பாள், "நேத்துப் பூவா?" என்று முகத்தைச் சுளிப்பாள், ஐந்து நிமிஷத்தில் போய்விடுவாள். ஆம்ப்ளிஃபயர்காரன் போகமாட்டான். உட்காருவான். ஃபேனைத் தன் பக்கம் திருப்பச் சொல்லுவான். சட்டைப்பையிலிருந்து சொந்தக் கேசட் ஒன்றை எடுத்து, "இதப் போட்டுக் காட்டுங்க" என்பான். இரண்டு பக்கமும் ஓடி முடிந்த பிறகு, "வீட்ல கலந்து பேசிட்டு சொல்றேன்" என்று வேட்டியை உதறிக்கொண்டு எழுந்திருப்பான். வீட்டில் யாரோடு கலந்து பேசப்போகிறான்? ஓசியில் கச்சேரி கேட்க வந்தவன்!

ஒரு மயிலாப்பூர் மாமா ஆம்ப்ளிஃபயரின் முகப்பில் மூக்கை வைத்துவிட்டு, "மீன் வாசனை வராப்ல இருக்கே?" என்றார்.

"மீனு நாங்க துன்னோம் சார். பொட்டி துன்னல" என்றாள் தேவானை. மாமா போய்விட்டார். போகட்டும்.

அவளுடைய புருஷன் துரைராஜ் அப்படிப் பேசமாட்டான். அதுதான் அந்த வீட்டின் பெரிய வியாதி. தி. நகரிலும் அடையாறிலும் பழைய வீடுகளை இடித்துக் கட்டும்போது, செத்துப்போன ஜப்பான் செட்டுகளைக் காயலான் கடைக்குத் தள்ளுவார்கள். அவற்றைப் பொறுக்கி வந்து, மந்தைவெளியில் இருந்த ஒன்றரை அறை வீட்டில் வைத்து உயிர் கொடுப்பான் துரைராஜ். ஈயம் வைப்பதில் அவன் கை தனிக் கை. ஆனால் வாய் இருக்கிறதே, அதற்குத் தெரிந்த வார்த்தை ஒன்றே ஒன்றுதான்: "சரி சார்." பாதி விலைக்குக் கேட்டாலும் சரி சார். கூடவே ரெண்டு ஸ்பீக்கர் கொடு என்றாலும் சரி சார். அடுத்த மாசம் வந்து, "என் பெண்டாட்டிக்குக் கலர் பிடிக்கலை, திருப்பி எடுத்துக்கோ" என்றாலும் சரி சார்தான். அவனை வெளியே பேசவிட்டால் குடும்பம் நடுத்தெருவுக்கு வந்துவிடும் என்று வியாபாரத்தைத் தேவானை தன் கையில் எடுத்துக்கொண்டாள்.

செட்டுக்குள்ளும் அவள் கை உண்டு. துரைராஜ் ஈயம் வைத்து முடித்ததும், உள்ளே தொங்கும் வயர்களைச் சேர்த்து வெள்ளை நூலால் கட்டுவது அவள் வேலை. எப்படிக் கட்டுவாள்? தெரிந்த மாதிரிதான். பூக்கட்டுகிற மாதிரி சுற்றி, இழுத்து, விரற்கடைக்கு ஒரு முடிச்சு. தேவானை இடக்கைக்காரி. அதனால் எல்லாருக்கும் வலது பக்கம் விழும் முடிச்சு அவளுக்கு இடது பக்கம் விழும். குளத்தோரப் பூக்காரிகள் அதைச் சொல்லி வருஷக்கணக்காக அவளைக் கேலி செய்தார்கள். "தேவான கட்ன பூவ சாமியே திருப்பிப் பாக்கும்டி" என்பார்கள். பதிலுக்கு அவள் கொடுத்ததை இங்கே எழுத முடியாது.

தொண்ணூற்றொன்பதில், தெருமுனையில் எஸ்.டி.டி. பூத் வைத்திருந்த ஹனீஃபா இரண்டு கம்ப்யூட்டர் வாங்கிப்போட்டு பிரவுசிங் சென்டர் ஆக்கினார். அவர்தான் யோசனை சொன்னார். "தேவானம்மா, இன்டர்நெட்ல பழைய சாமான் விக்கறதுக்குன்னே ஒரு எடம் கீது. மெட்ராஸ்காரங்க நெறைய பேரு பாக்கறாங்க. நான் போட்டு வுடறேன். லெட்டர் வந்தா பிரின்ட் எடுத்துப் படிச்சுக் காட்டறேன்."

லெட்டர் வந்தது. அட, எப்பேர்ப்பட்ட லெட்டர்! நேரில் வந்து கழுத்தறுத்தவர்களாவது மனுஷ முகத்தோடு வந்தார்கள். இன்டர்நெட்காரன் முகமே இல்லாமல் அறுத்தான். ஒருவன் பதினெட்டுக் கேள்வி எழுதியிருந்தான். செட் இருந்த வீட்டில் யாராவது சிகரெட் பிடிப்பார்களா என்பது பதினொன்றாவது. தேவானை பதில் சொல்லச் சொல்ல ஹனீஃபா இரண்டு விரலால் தட்டினார். "பீடி புடிப்பாரு. வாசப்படி தாண்டிப்போய் புடிப்பாரு. உனக்கு செட்டு வேணுமா, மாப்பிள்ள வேணுமான்னு கேளு பாய்." ஹனீஃபா கடைசி வரியை விட்டுவிட்டார்.

அந்த வழியாக வந்து சேர்ந்தவன்தான் அச்யுத். அடையாறு காந்தி நகரில் வீடு, கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, முப்பது வயசு. வெள்ளி முகப்பு வைத்த ஒரு ஜப்பான் ஆம்ப்ளிஃபயருக்காக ஏழு லெட்டர் போட்டு, மூன்று முறை நேரில் வந்து, ஒவ்வொரு குமிழாகத் திருகிப்பார்த்துவிட்டு, "இதோட டிரான்ஸ்ஃபார்மர் ஒரிஜினல்தானா?" என்று நாலு தடவை கேட்டு வாங்கிப்போனான். ஒன்பதாம் நாள் வெள்ளிக்கிழமை. தேவானை கோயில் கூட்டத்தில் பூ விற்றுக்கொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்து, செட்டைக் கொண்டுவந்து துரைராஜ் முன்னால் டொம்மென்று வைத்தான்.

"என்ன வேலை பண்ணியிருக்கேள்? ஆன் பண்ணினா புகையறது. வீடே எரிஞ்சிருக்கும், தெரியுமா? பணத்தைத் திருப்பிக் குடுங்கோ."

துரைராஜ் பிளக்கைச் சொருகினான். ஃபியூஸ் போயிற்று; பொசுங்கிய வாடை அடித்தது. மூடியைக் கொஞ்சம் தூக்கினான். டிரான்ஸ்ஃபார்மர் கருகிக் கிடந்தது. அதற்கு மேல் அவனால் பார்க்க முடியவில்லை.

"சரி சார்" என்றான். பணத்தை எடுத்துக் கொடுத்துவிட்டு, செட்டைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிச் சாக்கைப் போட்டு மூடினான்.

பணம் போனதற்குத் தேவானை அன்றிரவு அக்கம்பக்கம் கேட்கக் கத்தினாள். அது சாதாரணம். சாதாரணமில்லாதது அடுத்த வாரம் நடந்தது. ஹனீஃபா ஒரு தாளோடு வந்து வாசலிலேயே நின்றார்.

"தேவானம்மா, அந்த அடையாறு ஆளு எழுதிட்டான். மந்தைவெளி துரைராஜ் எரிஞ்ச செட்ட தலையில கட்றாரு, யாரும் ஏமாறாதீங்கன்னு. வரேன்னு சொன்ன ரெண்டு பேரு இப்ப வரலன்னுட்டாங்க."

"துட்டத்தான் திருப்பிக்கினு போய்ட்டானே! அப்பறம் இன்னாத்துக்கு எழுதறான்? எங்க எழுதிக்கீறான், காட்டு. போய் அழிச்சுட்டு வரேன்."

"அதுக்கு செவுரு இல்லம்மா. எழுதுனவன்தான் அழிக்கணும்."

இதென்ன கூத்து! எதிரில் வந்து திட்டினால் திருப்பித் திட்டலாம். கண்ணுக்கே தெரியாத இடத்தில் ஊரெல்லாம் படிக்கிற மாதிரி எழுதிவிட்டு, அவன் அடையாறில் காற்று வாங்கிக்கொண்டிருக்கிறான். இங்கே துரைராஜ் ஈயம் வைக்கும் அயர்னைத் தொடுவதை நிறுத்திவிட்டான். ஒரு நாள், ரெண்டு நாள் இல்லை, மூன்று வாரம். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். அரைகுறையாகப் பிரித்த செட்டுகள் தூசி படிந்து கிடந்தன.

"என் கைதான் தேவான" என்றான் ஒரு நாள். "ஈயம் சரியா பிடிக்காம வயரு ரெண்டும் ஒட்டிக்கினு இருக்கும். அதான் எரிஞ்சுபோச்சு. முப்பது வருஷமா எத்தினி வூட்டுக்கு இப்படிக் குடுத்தனோ?"

தேவானை அவன் கையைப் பார்த்தாள். பணம் போனால் சம்பாதிக்கலாம். வாடிக்கை போனால் வேறு பிடிக்கலாம். இந்த ஆள் தன் கையை நம்பாமல் போய்விட்டால் அப்புறம் இவனிடம் மிச்சம் என்ன இருக்கிறது? வாயும் கிடையாது. கையும் போயிற்று என்றால்?

இந்த முண்டத்தைக் கண்ணில் படாமல் காயலானுக்கு எடைக்குப் போட்டுவிடலாம் என்று, அவன் இல்லாத நேரத்தில் செட்டை இழுத்து, செம்புக் கம்பியைத் தனியாக எடுக்க மூடியின் நாலு திருகையும் கழற்றினாள். உள்ளே பார்த்தாள். மறுபடி பார்த்தாள். ஜன்னல் வெளிச்சத்துக்கு இழுத்துவந்து பார்த்தாள்.

டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து வரும் வயர்கள் கறுப்பு டேப்பால் சுற்றப்பட்டிருந்தன. நூல் இல்லை. முடிச்சு இல்லை.

"என் முடிச்சு எங்கடா?" என்று காலி வீட்டில் கத்தினாள் தேவானை. "அடப் பாவி! கட்னது எங்கடா?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் செட்டைச் சாக்கில் கட்டி ஆட்டோவில் ஏற்றிக் காந்தி நகர் போனாள். ரசீதில் முகவரி இருந்தது. கதவைத் திறந்தவள் அச்யுத்தின் மனைவி மாளவிகா. தலையில் மல்லிகை. உள்ளே அலமாரியில் அதே மாதிரி ஒரு வெள்ளி முகப்பு ஆம்ப்ளிஃபயர் பாடிக்கொண்டிருந்தது. அச்யுத் எழுந்து வந்தான். தேவானையைப் பார்த்ததும் அவன் முகம் வேறு மாதிரி ஆயிற்று.

"நான்தான் ரீஃபண்ட் வாங்கியாச்சே. மேட்டர் ஓவர். எதுக்கு வீட்டுக்கெல்லாம் வரேள்?"

"மேட்டரு ஓவரா? இப்பத்தான் சார் ஆரம்பம்."

"அச்யுத், யாரு இவா? பாவம், அவ்வளவு கனத்தைத் தூக்கிண்டு வந்திருக்கா" என்ற மாளவிகா, சாக்கு அவிழ்ந்ததும் சிரித்துவிட்டாள். "ஐயோ, இந்தப் பெட்டியா! இதையெல்லாம் டைனிங் டேபிள்ல பிரிச்சுப் போட்டுண்டு மூணு நாள் உக்காந்திருந்தாரே. நாங்க தரையில உக்காந்து சாப்பிட்டோம். சாம்பார்ல ஒரு ஸ்க்ரூ கிடந்தது."

"இதையெல்லாம்னா? எத்தினி பொட்டிம்மா இருந்துது?"

"ரெண்டு. இவர் முன்னாடியே ஒண்ணு வாங்கி வெச்சிருந்தார், பாடவே பாடாது. இப்போ நன்னாப் பாடறது."

அச்யுத், "மாளவிகா, நீ உள்ள போ" என்றான். அவள் போகவில்லை.

தேவானை அலமாரிக்குப் போய்ப் பாட்டை நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கினாள். இடுப்பிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்தாள். "இந்த மாதிரி அடுத்தவா சாமானைத் தொடக் கூடாது" என்று அவன் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மூடி கழன்றது. உள்ளே, டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து கிளம்பிய வயர்களின் மேல், வெள்ளை நூல். விரற்கடைக்கு ஒரு முடிச்சு.

"வாம்மா இங்க. உன் தலப் பூவக் கொஞ்சம் எடு. முடிச்சு எந்தப் பக்கம் கீது?"

மாளவிகா சரத்தைத் திருப்பிப் பார்த்தாள். "வலது பக்கம்."

"இதுல?"

மாளவிகா குனிந்து நிறைய நேரம் பார்த்தாள். "எல்லாம் இடது."

"இந்த மெட்ராசுல இப்படிக் கட்றவ நான் ஒருத்திதான். உன் வூட்டுக்காரரு எங்க பொட்டில இருந்தத உருவி இதுல வெச்சுக்கினு, தன்னோட எரிஞ்சத அதுல வெச்சு, துட்டையும் வாங்கிக்கினு வந்துட்டாரு. இத்தினி கேள்வி கேட்டாரே, ஒரிஜினலா ஒரிஜினலான்னு. திருடறதுக்குத்தான் அத்தினி விசாரண!"

அச்யுத் பர்ஸை எடுத்தான். "லுக், இதைப் பெருசு பண்ண வேண்டாம். எவ்வளவுன்னு சொல்லுங்கோ."

"உன் துட்ட எட்டி வெய்யி. ரெண்டு வேல பண்ணு. அத முடிச்சு அவுக்காம கழட்டிக் குடு. அப்பால, எங்க எழுதினியோ அங்கியே எழுது."

கழற்ற ஒரு மணி நேரம் ஆயிற்று. ஏழு லெட்டர் எழுதிய கை ஈயத்தை ஒழுங்காக உருக்கத் தெரியாமல் விரலைச் சுட்டுக்கொண்டது. இந்தக் கையா துரைராஜ் கையைக் குறை சொன்னது! பிறகு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தான். இன்டர்நெட்டுக்குப் போகிற டெலிபோன் லைன் கீச்சுக்கீச்சென்று கத்திக் கத்தி அறுந்தது. தேவானை டைனிங் டேபிள் நாற்காலியில் உட்கார்ந்து காத்திருந்தாள். மாளவிகா கொடுத்த காபியைக் குடித்தாள். கடைசியில் ஏதோ தட்டினான்.

"இன்னாம்மா எழுதறாரு?"

மாளவிகா எட்டிப் பார்த்தாள். "சின்னக் குழப்பம் நடந்துடுத்து, இப்போ சரியாயிடுத்துன்னு."

"கொழப்பமா? யாருக்குக் கொழப்பம்? என் வூட்டுக்காரரு மூணு வாரமா அயர்னத் தொடல. அவருக்குத்தாம்மா கொழப்பம்!"

மாளவிகா புருஷனை நகரச் சொன்னாள். அவன் நகர்ந்தான். அவளே உட்கார்ந்து, அழித்துவிட்டு எழுதினாள். எழுதியதைத் தமிழில் படித்துக் காட்டினாள்: "துரைராஜ் கொடுத்த செட் நன்றாக இருந்தது. அதன் டிரான்ஸ்ஃபார்மரை நான் எடுத்துக்கொண்டு, எரிந்த ஒன்றை வைத்துத் திருப்பிக் கொடுத்தேன். தப்பு என்னுடையது. அச்யுத்."

தேவானைக்கு அதில் ஒரு எழுத்தும் படிக்கத் தெரியாது. வீட்டுக்குப் போகாமல் நேரே ஹனீஃபாவிடம் போனாள். அவர் கம்ப்யூட்டரில் தேடிப் படித்து, "அப்படியே கீதும்மா" என்ற பிறகுதான் செட்டைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

டிரான்ஸ்ஃபார்மரைத் துரைராஜ் மடியில் வைத்தாள். நடந்ததைச் சொன்னாள். அவன் நூலைத் தடவினான், ஒவ்வொரு முடிச்சாக. வயர்களை மீட்டரில் வைத்துப் பார்த்தான்.

"இது எரியவே இல்ல, தேவான" என்றான். "நான் வெச்ச ஈயம் வுடல."

"உன் கை எப்பய்யா வுட்டுது? உன் வாய்தான் வுட்டுது. சரி சார், சரி சார்னு!"

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு அயர்னைச் சொருகினான். மறுநாள் சாயங்காலம் டிரான்ஸ்ஃபார்மரைப் பழைய இடத்தில் பொருத்திக்கொண்டிருந்தபோது ஹனீஃபா ஒரு தாளோடு ஓடிவந்தார்.

"அந்த லெட்டரப் படிச்சுட்டு தி. நகர்லருந்து ஒருத்தர் எழுதிக்கீறாரு. அந்த செட்டே வேணுமாம். ஆனா திருட்டுப்போய் வந்த பொருளாச்சே, பாதி வெலைக்குத் தருவீங்களான்னு கேக்கறாரு."

தேவானை வாயைத் திறந்தாள். எட்டு வார்த்தை நாக்கு நுனியில் வரிசையாக நின்றன. அதற்குள் துரைராஜ் குனிந்த தலை நிமிராமல் சொன்னான்:

"முடியாதுன்னு எழுது பாய்."

ஹனீஃபா தேவானையைப் பார்த்தார். அவள் வாயை மூடிக்கொண்டு, நூல்கண்டை எடுத்துப் புருஷன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.