ரெண்டு மிஸ்கோல்

எந்த ஊரிலும் எனக்குக் கால் தரிப்பதில்லை. ஆண்டு எட்டோடு பள்ளிக்கூடத்தை விட்டேன். கொழும்பில் சாப்பாட்டுக்கடை, பிறகு மாநாட்டு மண்டபங்களில் கதிரை அடுக்கும் வேலை, பிறகு வளைகுடாவில் ஒரு சாமான் கிடங்கு, கடைசியில் மறுபடியும் நோர்வூட் பக்கம் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடு, எங்கள் லயம். வந்து கொஞ்ச நாளிலேயே பை தோளுக்கு ஏறிவிடும். அந்த முறை அது ஆணியிலேயே தொங்கியதற்குக் காரணம் என் தங்கச்சி.

அவள் வளைகுடாவில் ஒரு வீட்டில் வேலைக்கு இருந்தாள். வேலை அதிகம், தூக்கம் குறைவு. அதையெல்லாம் அவள் பெரிதாகச் சொன்னதில்லை. ஆனால் அந்த வீட்டு மூத்த மகன் சமையலறை வாசலில் வந்து நிற்கத் தொடங்கியிருந்தான். அவள் பாஸ்போர்ட் வீட்டுக்கார மேடத்தின் அலுமாரியில். தானாக வெளியே ஓடினால் வேலைக்காரி தப்பிவிட்டாள் என்று பொலிசுக்குச் சொல்வார்கள், அதன் பிறகு சிறைதான். கிடங்கில் வேலை செய்த காலத்தில் அப்படிப் பிடிபட்ட பெண்களை நான் பார்த்திருக்கிறேன்.

அவளிடம் இருந்தது மேடம் கொடுத்த பழைய போன். சிம் கிடையாது. வீட்டு வைஃபையில்தான் ஓடும். அந்த நாட்டில் ஆப் வழியாகப் பேச முடியாது, அரசாங்கம் குரலை மூடி வைத்திருக்கிறது. மணி மட்டும் அடிக்கும். எடுத்தால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். எழுதி அனுப்பலாம், ஆனால் அந்த மகன் அவள் போனை வாங்கிப் பார்ப்பான். நாங்கள் தமிழில் எழுதுவதைப் போனே அரபியில் சொல்லிக் கொடுத்துவிடும்.

இதையெல்லாம் அவள் சொன்னது ஒரே ஒரு தடவை. மேடம் குடும்பம் பக்கத்து நாட்டுக்கு விடுமுறைக்குப் போனபோது இவளையும் கூட்டிப்போனார்கள். எல்லையைத் தாண்டியதும் குரல் வந்துவிட்டது. ஹோட்டல் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டுப் பேசினாள். அழவில்லை.

"அண்ணே, பழைய மாதிரி மிஸ்கோல் அடிப்போம். யார் ஒன்னு அடிச்சாலும் எல்லாம் நல்லது. நீங்க ரெண்டு அடிச்சா மறுநாள் காலையில நான் குப்பை போட வெளிய வருவேன், வண்டி நிக்கணும். வண்டி இல்லாம மட்டும் என்னைய வர வச்சிறாதீங்க."

போனுக்கு ரீலோட் போடக் காசில்லாத காலத்தில் லயத்தில் எல்லாரும் அப்படித்தான் பேசிக்கொண்டோம். ஹட்டனுக்கு வந்து சேர்ந்தால் ஒன்று. பஸ்ஸைத் தவறவிட்டால் ரெண்டு. யாரும் எடுக்க மாட்டார்கள். எடுத்தால் காசு போய்விடும்.

அங்கே இருக்கும் நம் தூதரகத்தில் ஒரு அதிகாரி பொறுமையாகப் பேசினார். திங்கட்கிழமை காலை தெருமுனையில் வாகனம் நிற்கும் என்றார். ஆக, ஞாயிறு மாலை ரெண்டு மிஸ்கோல் போக வேண்டும். அதற்குள் இங்கே எங்கோ கலவரம் என்று நம் அரசாங்கமும் ஆப்களை மூடிவிட்டது. அங்கே குரலை மட்டும்தான் மூடினார்கள், இங்கே மணியையும் சேர்த்து மூடிவிட்டார்கள்.

கொழும்பு மண்டபத்தில் ஒரு தடவை இன்டர்நெட்டை யார் நடத்துவது என்று பல நாட்டுக்காரர்கள் கூடிப் பேசினார்கள். கொடிகளுக்குப் பக்கத்தில் தண்ணீர்ப் போத்தல் வைத்தது நான். ஒரு வரிக்காக மத்தியானம் முழுக்க இழுபறி. கடைசியில் இணையம் எல்லாருக்கும் திறந்திருக்க வேண்டும் என்று முடித்துக் கைதட்டினார்கள். நம் நாட்டு ஆளும் தட்டினார், தங்கச்சி இப்போது இருக்கும் நாட்டின் ஆளும் தட்டினார். அன்றைக்கு எனக்கு மீந்துபோன சாப்பாட்டுப் பார்சல்தான் முக்கியமாகப்பட்டது.

அடைப்பைத் தாண்ட, போன் வேறு நாட்டில் இருப்பதாகக் காட்டும் வி.பி.என் வேண்டும். எங்கள் தோட்டத்தில் ரோடு வளைகிற முடக்கில் நின்றால்தான் சிக்னல், அதிலும் அது இறங்கவில்லை. ஞாயிறு காலை ஹட்டன் பஸ்ஸில் ஏறினேன். சந்தைக்குப் போகிற கூட்டம். பக்கத்தில் மரக்கறிப் பையோடு உட்கார்ந்திருந்த அக்காவிடம் கேட்டேன்.

"வி.பி.என்னா? போனை குடுங்க தம்பி, புளூடூத்துல அனுப்புறேன். பாட்டு அனுப்புற மாதிரிதான்."

"ஒங்களுக்கு எப்படி அக்கா கெடச்சுச்சு?"

"எங்க லயத்துல எல்லார்கிட்டயும் இருக்கு. நான் நெதர்லாந்துல இருக்கேன். எங்க வீட்டுக்காரரு சிங்கப்பூர்ல. ஒரே காம்பராவுலதான் படுக்கிறோம்."

பின்சீட்டிலிருந்து ஒருவர், "சிங்கப்பூர்லயாவது ஒழுங்கா வேலைக்குப் போறாரா?" என்று கேட்டார். பஸ்ஸே சிரித்தது. எங்கள் ஆட்களுக்கு எந்த நாடும் இல்லை என்று, பாட்டன்மார் விட்டு வந்த நாடும் வந்து சேர்ந்த இந்த நாடும் கையை விரித்த காலம் ஒன்று இருந்தது. இப்போது விரலால் தட்டி நாடு எடுத்துக்கொள்கிறோம். எனக்கும் சிரிப்பு வந்தது, உட்காரத்தான் முடியவில்லை. ஹட்டனில் இறங்கிச் சோதித்துப் பார்த்தேன். வேலை செய்தது.

திரும்பும் பஸ்ஸில் இருக்கும்போது அதிகாரியின் அழைப்பு வந்தது, சாதாரண லைனில்.

"தம்பி, நாளைக்கு வாகனம் வராது. ரெண்டு பக்க வெளிவிவகார அமைச்சும் இன்னும் ஒப்பந்தத்தோட ஒரு வாசகத்துல ஒத்துக்கல. கையெழுத்து ஆகாம நாங்க அந்த வீட்டுப் பக்கம் போக முடியாது. தங்கச்சிய வீட்டுலயே இருக்கச் சொல்லுங்க."

எரிச்சல்தான். ஆனால் ஒரு நிம்மதியும் இருந்தது. நான் இன்னும் எதையும் அடிக்கவில்லை. அடிக்காமல் இருந்தால் போதும், அவள் வரமாட்டாள்.

லயத்துக்கு வந்தபோது அம்மா வாசலில் சிரித்துக்கொண்டு நின்றாள்.

"லைன் வந்திருச்சுய்யா. பக்கத்து காம்பரா பிள்ளை என் போன்ல என்னமோ போட்டுக் குடுத்துச்சு. முடக்குக்குப் போய் தங்கச்சிக்கு ஒன்னு அடிச்சுட்டு வந்தேன். பாவம், இத்தனை நாளா சத்தமே இல்லைன்னு பயந்துக்கிட்டு இருப்பா."

"ஒன்னுதானே?"

"ஒன்னுதான். மொத தடவை ர்ர்னு வந்து கட்டாயிருச்சு. அது கணக்கில்லைல்ல? அதனால இன்னொருக்கா அடிச்சேன்."

அம்மாவின் கணக்கில் தப்பே இல்லை. பாதியில் கட்டான கோலை லயத்தில் யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. அது பழைய போன்களின் பழக்கம். இந்தப் போனோ அரைகுறையாக அடித்ததையும் சிவப்பில் குறித்து வைக்கும். தங்கச்சியின் போனில் இப்போது ரெண்டு இருக்கும்.

விஷயத்தைச் சொன்னதும் அம்மா படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"இன்னும் ரெண்டு மூணு அடிச்சு விடுறேன்" என்றேன். "குழம்பிப்போய் நிப்பா."

"ஒன் தங்கச்சி குழம்புனா நிக்கிறவளா? நீ எப்படியோ அப்படித்தான் அவளும். ஓடுவா."

எழுதவும் முடியாது. வராதே என்ற ஒற்றைச் சொல்லைப் போன் அந்த மகனுக்கு வாசித்துக் காட்டினால் அவன் எதற்கு என்று கேட்பான். நான் வாசலுக்கும் ரோட்டுக்குமாக நடந்தேன்.

அம்மா எழுந்து உள்ளே போய்க் கொழுந்துக் கூடையை எடுத்து வந்தாள். வாசலுக்கு வெளியே சுவரோரமாகக் கவிழ்த்து வைத்தாள். பக்கத்தில் உட்கார்ந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

"போட்டோ புடி."

"எதுக்கு?"

"பள்ளிக்கூடம் விட்டு வர்றப்ப அவ தூரத்துலயே கூடையத்தான் பாப்பா. கவுந்து கெடந்தா அம்மா மலைக்குப் போகல, வீட்டுலதான் இருக்கான்னு கத்திக்கிட்டே ஓடியாருவா. மறந்திருக்க மாட்டா. வீட்டுலயே இருன்னு புரிஞ்சுக்குவா."

எனக்கும் அது தெரியும். அவளுக்குப் பின்னால் ஓடிவந்தவன் நான்தான். ஆனால் அந்த நேரத்தில் என் தலைக்குள் வி.பி.என்னும் அமைச்சும்தான் ஓடிக்கொண்டிருந்தன. ஒரு கிழவி, ஒரு கூடை, லயத்துச் சுவர். எந்தப் போனாலும் இதை அரபியில் சொல்ல முடியாது.

முடக்கில் நின்று அனுப்பினோம். வட்டம் சுற்றியது. நெதர்லாந்து அறுந்தது. சிங்கப்பூருக்கு மாறினேன், அதுவும் அறுந்தது. மழை தூறத் தொடங்கியது. அம்மா முந்தானையால் போனுக்குக் குடை பிடித்தாள். கடைசியில் படத்துக்குக் கீழே ஒரு சரிக்குறி விழுந்தது. இரண்டாவது சரி விழவில்லை. அவள் வேலையெல்லாம் முடித்த பிறகுதான் போனைத் திறப்பாள். திறந்தால் முதலில் ரெண்டு மிஸ்கோலைப் பார்ப்பாளா, படத்தைப் பார்ப்பாளா என்று என்னால் சொல்ல முடியவில்லை.

மறுநாள் விடிந்ததும் மறுபடி முடக்குக்குப் போனோம். அங்கே குப்பை போடும் நேரம் இங்கே பெரட்டில் பேர் கொடுத்து முடித்து ஆட்கள் மலையேறும் நேரம். பெண்கள் எங்களைத் தாண்டிப் போனார்கள். "பெரட்டுக்கு வரலையா? கங்காணி பேர் வெட்டிருவாரு" என்று ஒருத்தி கேட்டாள். அம்மா என் போனை எட்டிப் பார்த்தாள். இரண்டாவது சரி விழுந்து நீலமாகியிருந்தது. படத்தைப் பார்த்துவிட்டாள். பார்த்து என்ன புரிந்துகொண்டாள் என்பதை நீலம் சொல்லாது.

போன் அடித்தது. தங்கச்சி. என் விரல் பச்சைக்குப் போனது.

"எடுக்காத!" என்று அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள். "அடிச்சு முடிக்கட்டும்."

அடித்து நின்றது. ஒன்று. இன்னொன்று வந்தால் அவள் வெளியே கிளம்பிவிட்டாள் என்று அர்த்தம், அது வந்துவிடக் கூடாது என்று போனையே பார்த்துக்கொண்டிருந்தோம். மலைக்குப் போனவர்களின் பேச்சுச் சத்தம் மேலே ஏறித் தேய்ந்தது. மூடுபனி ரோட்டில் இறங்கி மறுபடி விலகியது. வரவில்லை.

அந்த வாசகத்தில் இரண்டு அமைச்சும் பிறகு ஒத்துக்கொண்டன. என்ன வாசகம் என்று யாரும் எங்களிடம் சொல்லவில்லை. வேறொரு திங்கட்கிழமை வாகனம் நின்றது, தங்கச்சி குப்பைப் பையோடு அதில் ஏறினாள். இப்போது ஹட்டனில் ஒரு துணிக்கடையில் நிற்கிறாள். இதை எழுதும்போது நான் வட்டகொடையில் ஒரு மரக்கறி லொறியில் இருக்கிறேன்.

அந்தக் காலையில் ஒரு மிஸ்கோல்தான். அம்மா கீழே இறங்கினாள். இரவெல்லாம் வெளியே கிடந்து நனைந்த கூடையை நிமிர்த்தி, தண்ணீரை உதறி, முதுகில் மாட்டிக்கொண்டு, மற்றவர்கள் போன பாதையில் ஏறத் தொடங்கினாள்.