வீட்டுக்காரரின் இரும்பு அலுமாரி

மனுரேவாவில் நாங்கள் வாடகைக்கு எடுத்த முதல் வீட்டைப் பார்க்கப் போனபோது, வீட்டுக்காரர் எங்களிடம் கேட்ட முதல் கேள்வி, "கறி சமைப்பீர்களா?" என்பதுதான். மணம் திரைச்சீலைகளில் ஏறினால் போகாதாம். ஜன்னல்களைத் திறந்துவைத்துச் சமைப்போம் என்று வாக்குக் கொடுத்தோம். இலங்கையிலிருந்து வந்த எங்களை இந்த நாடு அகதிகளாக ஏற்றுக்கொண்டு சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. வீடு கிடைத்தால் போதும் என்றிருந்தது. கராஜில் பூட்டுப் போட்ட ஓர் இரும்பு அலுமாரி நின்றது. "அதில் என் பழைய சாமான்கள் இருக்கின்றன, தொட வேண்டாம்" என்றார். நாங்கள் தொடவில்லை.

அந்த அலுமாரிக்குப் பக்கத்தில்தான் வாஷிங் மெஷின். மழை நாட்களில் உடுப்புக் காயப்போடுவது, மகளின் மூன்று சில்லுச் சைக்கிளை நிறுத்துவது எல்லாம் அங்கேதான். டிசம்பரில் இங்கே கோடை வந்ததும் கராஜின் தகரக் கூரை கொதித்தது. அலுமாரிப் பக்கமிருந்து ஒரு புளித்த நெடி வரத் தொடங்கியது. தொண்டையை அரிக்கும் நெடி.

"இஞ்சாருங்கோ, உந்த அலுமாரிக்குள்ள என்னவோ பழுதாப் போகுது. அந்தாளுக்கு ஒருக்கா ஃபோன் எடுத்துச் சொல்லுங்கோ" என்றாள் மனைவி.

எடுத்துச் சொன்னேன். வீட்டுக்காரர் சிரித்தார். "அது உங்கள் கறியாக இருக்கும்" என்றார்.

மனைவியிடம் அதைச் சொன்னபோது, பிழிந்துகொண்டிருந்த துணியை அப்படியே வாளிக்குள் போட்டாள். "கறியோ? எங்கட கறி அவரின்ர அலுமாரிக்குள்ள இருந்தோ மணக்குது?"

மே மாதம் தொடங்கினால் இங்கே வாத்து வேட்டைக் காலம். அதற்கு முந்திய சனிக்கிழமை வீட்டுக்காரர் சாவியோடு வந்து அலுமாரியைத் திறந்தார். உள்ளே என்ன இருக்கிறது என்பதை அன்றுதான் பார்த்தோம். வெடிமருந்து டின்கள், சன்னம் என்னும் சின்ன ஈய உருண்டைகள் நிறைந்த பைகள், ஏற்கெனவே சுட்டு முடித்த வெறும் தோட்டாக் கூடுகள் ஒரு பெட்டி நிறைய. அந்தக் கூடுகளில் மறுபடி மருந்தும் சன்னமும் அடைப்பதற்குக் கைபிடி வைத்த ஒரு கருவி.

ஊரில் எங்கள் முற்றத்தில் கிடந்த ஒரேயொரு வெறும் கூட்டுக்காக என் மனைவியின் தம்பியை ஆமிக்காரர் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவன் திரும்பி வரவில்லை. அதிலிருந்து தப்பி இவ்வளவு தூரம் வந்து, பிள்ளையின் சைக்கிளை ஒரு வெடிமருந்துக் கிடங்கின் காலடியில் நிறுத்தியிருக்கிறோம்.

எல்லாம் அவருடைய தகப்பன் வாங்கி வைத்ததாம். தகப்பன் செத்தே நெடுங்காலம். ஒரு டின்னின் மூடி துருப்பிடித்து இறுகியிருந்தது. குறட்டால் திருகித் திறந்தார். சிவந்த தூசி பறந்தது. கூடவே அதே நெடி.

"இதுதான், நாங்கள் சொன்ன மணம் இதுதான்!" என்றாள் மனைவி ஆங்கிலத்தில்.

அவர் டின்னை மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தார். "பழைய மருந்து இப்படித்தான் இருக்கும். கெட்டுப்போக இது என்ன பாலா?"

"புதிது வாங்கலாமே" என்றேன்.

அவர் கண்ணடித்தார். "நீங்கள் இலங்கைக்காரர். இதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கும்."

ஊரில் நான் தபால் கந்தோரில் வேலை பார்த்தவன். துவக்கைக் கையால் தொட்டதில்லை. அவர் பின்னேரம் முழுவதும் கைபிடியை இழுத்து இழுத்துத் தோட்டா அடைத்தார். மிச்சத்தை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போனார்.

வேட்டை தொடங்கிய மறுநாள் மத்தியானம் பொலிஸ்காரர் இருவர் கதவைத் தட்டினார்கள். ஒருவர் வயதானவர், மற்றவர் இளையவர். வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் என்றார் வயதானவர். ஒரு தோட்டாவின் மருந்து சரியாக எரியாமல், அதிலிருந்த சன்னம் துவக்குக் குழலுக்குள்ளேயே அடைத்துக்கொண்டது. அது தெரியாமல் அடுத்ததைச் சுட்டிருக்கிறார். குழல் வெடித்து இடது கையில் இரண்டு விரல்கள் போய்விட்டன.

"ஐயோ" என்றாள் மனைவி. உண்மையாகவே இரங்கித்தான் சொன்னாள்.

அப்போது இளையவர் என்னைக் கேட்டார்: "இந்த நாட்டுக்கு வந்து எவ்வளவு காலம்? உங்கள் நாட்டில் ஆயுதப் பயிற்சி எடுத்திருக்கிறீர்களா?"

"ஏன் கேட்கிறீர்கள்?"

"வாடகைக்கு இருப்பவர்கள் கராஜுக்குள் போய் வருவார்கள், மருந்தில் யாரோ கை வைத்திருக்கலாம் என்று வீட்டுக்காரர் சொல்கிறார்."

மனைவி முன்னால் வந்தாள். "அலுமாரிச் சாவி அவரிடம் மட்டும்தான் இருக்கிறது. மணக்கிறது என்று சொன்னோம். கறி என்றார். இப்போது நீங்களே போய் மணந்து பாருங்கள்."

வயதானவர் கராஜுக்குள் போனார். போன வேகத்திலேயே திரும்பி வந்து, எல்லோரையும் வெளியேறச் சொன்னார். பக்கத்து வீடுகளிலிருந்தும் ஆட்களை வெளியேற்றினார்கள். தெருமுனையில் ஒரு சமோவா குடும்பம் எங்களுக்குக் கதிரை போட்டுத் தேநீர் தந்தது. பாதுகாப்பு உடை போட்டவர்கள் வந்து பூட்டை வெட்டி, டின்களை ஒவ்வொன்றாக எடுத்துப் போனார்கள். பழைய மருந்து உள்ளுக்குள் சிதைந்துகொண்டிருந்தது, இன்னொரு கோடை வெக்கைக்குத் தானாகவே தீப்பிடித்திருக்கலாம் என்று அவர்களில் ஒருவர் மனைவியிடம் சொன்னார். இளைய பொலிஸ்காரர் என்னைக் கடந்து போய்க் காரில் ஏறினார்.

கொஞ்ச நாளில் வீட்டுக்காரர் கையில் கட்டோடு வந்து வாசலில் நின்றார். மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறார் என்று நினைத்தேன். "இன்சூரன்ஸ்காரர் விசாரிப்பார்கள். மணத்தைப் பற்றி என்னிடம் எதுவும் சொல்லவில்லை என்று சொல்லிவிடுங்கள். நீங்கள் நல்ல மனிதர்கள்" என்றார்.

"ஓம் எண்டு சொல்லிப்போடாதேங்கோ" என்று பின்னாலிருந்து தமிழில் சொன்னாள் மனைவி.

"முடியாது. சொன்னோம், நீங்கள் கேட்கவில்லை" என்றேன்.

"அப்படியென்றால் வேறு வீடு பாருங்கள்."

பார்த்தோம். குளிர் தொடங்குமுன் ரயில் பாதையோரம் ஒரு சின்ன ஃபிளாட்டுக்குச் சாமான்களைத் தூக்கிக்கொண்டு போனோம்.

பென்ரோஸ் பகுதியில் ஒரு சாமான் கிடங்கில் என்னோடு வேலை செய்த மதுரைக்காரரிடம் இதைச் சொன்னேன். "விடுங்க சார். பாவம், அவருக்கு வெரலே போயிடுச்சு" என்றார்.

"விரல் போனது எனக்கும் கவலைதான். ஆனா மருந்து அவரின்ர, துவக்கு அவரின்ர, அடைச்சது அவர். பழி மட்டும் ஏன் எனக்கு?"

அவர் கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்தார். "ஆமா, அது தப்புதான். ஒரு சாரிகூட சொல்லலையா?"

"ஆர் சொல்லுறது? அந்தப் பொலிஸ்காரனோ, இவரோ?"

இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு அந்த இளைய பொலிஸ்காரரின் கேள்விதான் முதலில் காதில் விழுகிறது. வெடித்த துவக்கு வீட்டுக்காரருடையது. கேள்வி என்னிடம்.