மகளுக்காக உபவாசித்த வெள்ளிக்கிழமைகள்

அன்பான சகோதர சகோதரிகளே, எழுந்து நின்று பேச எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் ஆண்டவர் என் வீட்டில் செய்ததைச் சொல்லாமல் இருந்தால் நான் நன்றி கெட்டவள்.

மைசூரில் நர்ஸாக இருக்கிறேன். சென்ற ஜூன் மாதம், ஹெப்பாள் தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போன என் கணவர் மாரடைப்பில் இறந்துபோனார். அடக்கம் முடிந்து வந்த நாளிலிருந்து என் மகள் ஜெனி வாயைத் திறக்கவில்லை. கல்லூரிக்குப் போகவில்லை. இரண்டு வாய் சாப்பிட்டாலே அதிசயம். டாக்டர் கொடுத்த மாத்திரையை விழுங்கிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு நின்றது. எத்தனையோ பேரைத் தேற்றிய எனக்கு, பெற்ற பிள்ளையைத் தேற்றத் தெரியவில்லை. இவளையும் பறிகொடுத்துவிடுவேனோ என்று நடுங்கினேன்.

வெள்ளிதோறும் உபவாசம் இருந்தேன். "ஆண்டவரே, என் பிள்ளையின் வாயைத் திறந்தருளும்" என்று கதறுவேன். நான் சத்தமாக ஜெபிக்கிறவள். தெருமுனை வரைக்கும் கேட்கும். ஐந்து மாதம் கதறினேன். பதில் இல்லை. நீர் இருக்கிறீரா என்றுகூடக் கேட்டுவிட்டேன்.

அந்த நாட்களில் ஒரு பூனைக்குட்டி வாசலில் வந்து கத்திக்கொண்டே இருக்கும். ஜெபத்தைக் கெடுக்கச் சாத்தான் அனுப்பியது என்று நினைத்துத் தண்ணீர் ஊற்றி விரட்டினேன். நமக்குத்தான் எதைப் பார்த்தாலும் சாத்தானாயிற்றே.

நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை நல்ல மழை. ஜன்னல் வழியாக வந்து அந்தப் பூனைக்குட்டி ஜெனியின் போர்வைக்குள் புகுந்திருக்கிறது. நான் கவனிக்கவில்லை. கட்டிலருகே முழங்கால் போட்டு, கண்ணை மூடி, வழக்கம்போல் உரக்க ஆரம்பித்தேன்.

"அம்மா, மெல்ல ஜெபம் பண்ணு. குட்டி பயப்படுது."

கண்ணைத் திறந்தேன். பேசியது என் மகள்தான். அவள் நெஞ்சோடு அது ஒட்டிக்கொண்டிருந்தது. ஆமென் சொன்னேனா என்றுகூட நினைவில்லை.

குட்டிக்குப் பால் ஆற்ற எழுந்தவள், மீதியைத் தானே குடித்தாள். அது மடியில் உறங்க, இவளும் உறங்கினாள். டாக்டரிடம் சொன்னேன். வளர்ப்புப் பிராணி கூட இருந்தால் படபடப்பு குறையும், மனம் லேசாகும், பூனையும் இருக்கட்டும், மாத்திரையும் இருக்கட்டும் என்றார். இப்போது ஜெனி கல்லூரிக்குப் போகிறாள். சில நாள் இன்னும் அழுகிறாள்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை படுத்திருந்தால் டாக்டரிடம் கூட்டிப்போங்கள். ஜெபத்தையும் விடாதீர்கள். மெதுவாகச் சொன்னாலும் அவருக்குக் கேட்கிறது.