திருவிழாவுக்கு முன்னால் ஒரு மாத்திரை

கல்யாணமாகி மூன்று வருஷம் கருத்தடை மாத்திரை போட்டேன். எனக்கு வேலை நிரந்தரமாகட்டும் என்று நானும் கணவரும் சேர்ந்து எடுத்த முடிவு. நிரந்தரமானதும் குழந்தைக்காக மாத்திரையை நிறுத்தினேன். அவ்வளவுதான், உடம்பு என் பேச்சைக் கேட்பதை விட்டுவிட்டது.

முதலில் தாடையெல்லாம் பரு. பத்தாம் வகுப்பில்கூட அப்படி வந்ததில்லை. அப்புறம் முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. அதெல்லாம் போகட்டும் என்றால், வர வேண்டிய மாதவிலக்கு வரவேயில்லை. மூன்று மாதம் பார்த்துவிட்டுத் தருமபுரியில் ஒரு டாக்டரம்மாவிடம் போனேன்.

"சில பேருக்கு உடனே வந்துரும், சில பேருக்குக் கொஞ்ச மாசம் ஆகும். இன்னும் கொஞ்சம் பொறுங்க, வரலன்னா டெஸ்ட் எடுக்கலாம்" என்றார். பொறுப்பது அவரா, நானா?

என் மாமியார் பொறுக்கவேயில்லை. "மருமகளுக்குத் தள்ளிப் போயிருக்கு" என்று எங்கள் ஊர் இண்டூரில் பாதித் தெருவுக்குச் சொல்லியாயிற்று. டெஸ்ட் கிட்டில் ஒற்றைக் கோடு விழுந்ததைக் காட்டினால், "அதுக்கு என்னா தெரியும்" என்றார். பக்கத்து வீட்டிலிருந்து மாங்காய் வந்தது. எரிச்சலில் உப்பு மிளகாய் தொட்டு முழுவதையும் தின்று தீர்த்தேன். "பாத்தியா, மாங்கா கேக்குது!" என்றார். இந்த மனுஷியை வைத்துக்கொண்டு நான் என்னதான் செய்வது!

அடுத்த கிட்டிலும் ஒற்றைக் கோடுதான். ஒருவழியாக நம்பினார். நம்பியதும் அடுத்த கவலை வந்துவிட்டது. மாரியம்மன் திருவிழாவில் எங்கள் வீட்டு மாவிளக்கை மருமகள்தான் தூக்க வேண்டும். மூன்று நாள் இருக்கும்போது மருந்துக்கடையிலிருந்து ஓர் அட்டையோடு வந்தார். வீட்டில் விசேஷம் என்றால் எங்கள் பக்கத்துப் பெண்கள் தீட்டைத் தள்ளிப்போட விழுங்குகிற மாத்திரை.

"இதப் போட்டுக்க கண்ணு. அன்னிக்குன்னு பாத்து வந்து தொலைக்கப் போவுது."

எனக்குத் தலைக்கேறிவிட்டது. "அத்த, நாலு மாசமா வரலன்னு நான் செத்துக்கிட்டு இருக்கறேன். வராம இருக்கறதுக்கு மாத்திரையா?"

"நாலு நாளைக்குத்தான?"

கணவர் செல்போனிலிருந்து தலையைத் தூக்காமல், "அம்மா சொல்லுதில்ல, போட்டுக்கயேன்" என்றார்.

"நீங்க போட்டுக்குங்க" என்று அட்டையை அவர் மடியில் எறிந்தேன்.

திருவிழா அன்று காலை. மாவில் வெல்லம் பிசைந்து, விளக்குப் பிடித்து, தட்டில் வைத்தாயிற்று. தெருவில் மேளம் வந்துவிட்டது. தட்டைத் தூக்கக் குனிந்தேன், அடிவயிற்றில் சுருக்கென்றது. பாத்ரூமுக்கு ஓடினேன். வந்துவிட்டது.

"சொன்னனே, கேட்டியா! இப்ப வெளக்க யாரு எடுக்கறது?" என்று அத்தை கதவைத் தட்டினார். நான் உள்ளே வாளியைப் பிடித்துக்கொண்டு விசும்பி விசும்பி அழுதேன். தட்டுவது நின்றது.

"அழுவாத கண்ணு. வெளக்க அடுத்த வருசம் எடுத்துக்கலாம்."

"வெளக்குக்காக அழுவல அத்த. வந்துடுச்சு, அதுக்குத்தான்."

மேளம் எங்கள் வாசலுக்கே வந்துவிட்டது.

"சரி, நானே எடுக்கறேன். ஒனக்கும் சேத்துக் கும்புடறேன்" என்றார். குரலில் கோபம் மட்டும் குறையவேயில்லை.