இருபது நிமிட வண்டி

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வண்டியை வாங்க ஓர் ஆள் வருவதாக ஏற்பாடு. அதற்குள் அது ஏன் நின்றுபோகிறது என்று நான் கண்டுபிடித்துவிட்டால் விற்க வேண்டாம். முடியாவிட்டால் வாயை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட வேண்டும். எனக்கும் என் கணவருக்கும் இதுதான் பேச்சு.

வண்டி என்னுடையது. என்னைவிட ஐந்து வயது மூத்த அமெரிக்க மசில் கார். இரண்டே கதவு, எட்டு சிலிண்டர். கிளப்பினால், டெக்சாஸில் ரவுண்ட் ராக் என்கிற ஊரில் எங்கள் தெருவே திரும்பிப் பார்க்கும். பகலெல்லாம் கண்ணுக்குத் தெரியாத சாஃப்ட்வேரோடு மல்லுக்கட்டுகிறவளுக்கு, பானெட்டைத் திறந்தால் எல்லாமே கண்ணெதிரே இருக்கிற ஓர் இயந்திரத்தின் மேல் ஆசை வந்தது. "இந்த வயசுல உனக்கு எதுக்குடி இது?" என்று தோழிகள் எல்லாரும் கேட்டார்கள். என் கணவர் மட்டும் கேட்கவில்லை. மஞ்சள் விளக்கைத் தூரத்தில் பார்த்தாலே பிரேக்கில் கால் வைக்கிற மனிதர் அவர். இருந்தாலும் சும்மா இருந்தார்.

ஆறு மாதமாக வண்டிக்கு ஒரு வியாதி. இருபது நிமிடம் ராஜா மாதிரி ஓடும். பிறகு இருமும், திணறும், நின்றுவிடும். பத்து நிமிடம் கழித்துச் சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடக்காதது போலக் கிளம்பும். எனக்கு முன்கோபம் அதிகம், ஊருக்கே தெரியும். ஆனால் இந்த விஷயத்தில் கோபத்தைவிட ஆச்சரியம்தான் பெரிதாக இருந்தது. யாரும் கை வைக்காமல் அந்தப் பத்து நிமிடத்தில் அப்படி என்னதான் சரியாகிறது?

போன சனிக்கிழமை ஃப்ரீவேயில், நடு லேனில் நின்றது. பின்னால் வந்த ஒரு பெரிய டிரக் ஹாரனை அலறவிட்டுக் கடைசி நொடியில் விலகிப் போனது. பக்கத்து சீட்டில் என் கணவர். வீட்டுக்கு வந்ததும் காபிகூடக் குடிக்காமல் என் எதிரே வந்து உட்கார்ந்தார்.

"இருபத்திரெண்டு வருஷத்துல உன்கிட்ட எதுவும் கேட்டதில்ல. இத வித்துடும்மா," என்றார்.

என்னால் மறுக்க முடியவில்லை. ஒரு வாரம் மட்டும் டைம் கேட்டு வாங்கினேன்.

திங்கட்கிழமை பெட்ரோல் பம்பை மாற்றினேன். நின்றது. செவ்வாய்க்கிழமை பில்டரையும் இக்னிஷன் காயிலையும் மாற்றினேன். அப்போதும் நின்றது. டெக்சாஸ் வெயிலில் குழாய்க்குள்ளேயே பெட்ரோல் ஆவியாகிவிடும், அந்தக் குழாயில் வரிசையாக மரக் கிளிப் மாட்டினால் சூடு இறங்கும் என்று எதிர் வீட்டு அமெரிக்கர் சொன்னார். துணி காயப்போடுகிற கிளிப்! இவ்வளவு படித்தவர்கள் இருக்கிற ஊரில் இப்படியும் ஒரு மூடநம்பிக்கையா என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். இருந்தாலும் அது வேலை செய்யுமா என்று பார்த்துவிடும் அரிப்பு விடவில்லை. புதன்கிழமை ஒரு டஜன் கிளிப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். இருபதாவது நிமிடம் நின்றது.

வியாழக்கிழமை மதியம், இரண்டு மீட்டிங்குக்கு நடுவே, என் நோட்டுப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து படித்தேன். வண்டியை எடுத்த நாள், ஓடிய நேரம், வெயில், நின்ற இடம் எல்லாம் எழுதி வைத்திருந்தேன். இதுவரை நின்ற நாட்களையே நோண்டிக்கொண்டிருந்தவள், நிற்காத நாட்களை அன்றைக்குத்தான் பார்த்தேன். ஐந்து நாட்கள் முக்கால் மணி நேரம் ஓடியும் வண்டி நிற்கவில்லை. அந்த ஐந்து நாளும் பாதி வழியில் பெட்ரோல் போட்டிருக்கிறேன்.

அந்த பங்க்கின் பெட்ரோல் நல்லது போலிருக்கிறது என்று முதலில் நினைத்தேன். ஆனால் மூன்று வெவ்வேறு பங்க். அப்படியென்றால் அங்கே நான் வேறென்ன செய்கிறேன்? டேங்க் மூடியைத் திறக்கிறேன். அவ்வளவுதான்!

மீட்டிங்காவது ஒன்றாவது. வண்டியை எடுத்துக்கொண்டு எங்கள் குடியிருப்புக்குள்ளேயே சுற்றினேன். இருபதாவது நிமிடம் சொல்லி வைத்தாற்போல நின்றது. ஓடிப்போய்ப் பின்னால் மூடியைத் திருகினேன். புஸ்ஸென்று காற்று உள்ளே பாய்ந்தது. சாவியைத் திருப்பினேன். உடனே கிளம்பிவிட்டது. நடுத்தெரு என்றும் பார்க்காமல் கைதட்டிக் குதித்தேன்.

பழைய வண்டியின் டேங்க் மூடியில் காற்று போக ஊசிமுனை அளவுக்கு ஓர் ஓட்டை உண்டு. பெட்ரோல் குறையக் குறைய அந்த வழியாகக் காற்று உள்ளே போக வேண்டும். அது அடைத்துக்கொண்டால், ஜூஸ் டப்பாவை ஸ்ட்ரா வைத்து உறிஞ்ச உறிஞ்ச ஒட்டிப்போகுமே, அந்தக் கதைதான். பம்ப் எவ்வளவு இழுத்தாலும் பெட்ரோல் வராது. நிறுத்தி வைத்தால் காற்று மெல்லக் கசிந்து உள்ளே போய்விடும். அதற்குத்தான் அந்தப் பத்து நிமிடம்.

சரி, எது அடைத்தது? என் வண்டியில் அந்த மூடி பின்பக்கம் நட்டநடுவில் வட்டமாக இருக்கும். அதன் மையத்தில், ஓட்டைக்கு நேர் மேலே, சந்தனமும் குங்குமமும். எங்கள் வீட்டில் ஆயுத பூஜைக்குப் பொட்டு வைக்காத வண்டி கிடையாது. அதனால் என் கண்ணுக்கு அது பெயின்ட்டோடு சேர்ந்துபோயிருந்தது. நகத்தால் சுரண்டினேன். ஒரு நாள் பொட்டு இல்லை அது. ஏடு ஏடாகக் காய்ந்து சுண்ணாம்பு மாதிரி இறுகியிருந்தது. மேல் ஏடு மட்டும் இன்னும் ஈரம்.

மூடியைக் கையில் பிடித்துக்கொண்டு சண்டை போடத் தயாராக வீட்டுக்குள் போனேன். அவர் லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்தார்.

"தினமும் இதுல பொட்டு வெக்கறீங்களா?"

"ஆமா. குளிச்சிட்டு சாமி கும்பிட்டதும் போய் வெப்பேன். எதுக்கு கேக்கற?"

"எப்பலேந்து?"

"ஆயுத பூஜைக்கு வெச்சது அப்படியே காஞ்சு கெடந்துது. முதல் தடவ நின்னுதே, மறுநாள்லேந்து அதுக்கு மேலயே தினமும் வெக்கறேன். நீ தனியா டிரைவ் பண்ணிட்டு போற, எனக்கு பயமா இருக்காதா? ஒவ்வொரு தடவ நிக்கும்போதும், சரியா வெக்கலையோன்னு இன்னும் கொஞ்சம் அழுத்தி வெப்பேன்."

நான் மூடியைத் திருப்பி ஓட்டையைக் காட்டினேன். அவரும் என்ஜினியர்தான். இரண்டு முறை பார்த்தார். விளக்கம் தேவைப்படவில்லை.

"அப்போ அந்த டிரக் முன்னாடி உன்ன நிறுத்தினது நான்தானா?" என்றார்.

ஒரு வாரமாக இந்த மனிதரிடம் ஜெயிக்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றவள் நான். இப்போது ஜெயித்தாயிற்று. அது அந்தப் பாழாய்ப்போன பம்பாகவே இருந்திருக்கக் கூடாதா என்று இருந்தது.

"நீங்க ஒண்ணும் பண்ணல. ஆறு மாசமா கண்ணு முன்னாடி இருந்தத பாக்காதது நானு," என்றேன். சனிக்கிழமை வரவிருந்தவருக்கு அவரே போன் பண்ணி, வண்டி விற்பனைக்கு இல்லை என்று சொன்னார்.

மறுநாள் காலை நான் கராஜில் கை துடைத்துக்கொண்டிருந்தேன். வழக்கம்போலக் குளித்துவிட்டுச் சந்தனக் கிண்ணத்தோடு வந்தவர் வண்டியைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார். திரும்பிப் போகப் பார்த்தார்.

"எங்க போறீங்க?"

"இல்ல, வேணாம். இனிமே எங்கன்னு வெப்பேன்?"

கிட்டே போய், முடியை ஒதுக்கி நெற்றியைக் காட்டினேன்.

"இங்க வையுங்க," என்றேன்.